என் எடைக்குச் செப்புக்காசு

அன்றைக்கு அந்தத் தராசின் முன்னால் இருந்தவர்கள் ஒன்பது பேர். நைனா, அம்மா, நைனாவின் அக்காவான எங்கள் அத்தை, என் தம்பி, பஜனை கோஷ்டியிலிருந்து மிருதங்கக்காரர், ஆர்மோனியக்காரர், ஜால்ராக்காரர் என்று மூன்று பேர், கோயில் கணக்குப்பிள்ளை ஒருவர், தட்டின்மேல் மொட்டைத் தலையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த நான். எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்பதுதான். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இப்போதும் ஒரு சந்தேகம் வருகிறது. எனக்கு எதில்தான் சந்தேகம் வராது? பெருமாள் உள்ளே இருந்தார். அவரை நான் சேர்க்கவில்லை. நடந்த பேச்சில் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

பேசினதெல்லாம் நைனா. எங்கள் ஊரில் பேசுவதும் பாடுவதும் எப்போதும் அவர்தான். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ரயில் நிற்காமல் போகிற ஒரு ஊர் எங்களுடையது. ஏழு காணி நெல் வயல், ஒரு ஜோடி எருது, பஜனை கோயிலின் சாவி, இவ்வளவும் நைனாவிடம் இருந்தன. வயலைக் குத்தகைக்காரர் பார்த்துக்கொண்டார், எருதை அம்மா பார்த்துக்கொண்டாள். சாவியை மட்டும் நைனா அரைஞாண் கயிற்றிலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைதோறும் பஜனை. மார்கழி முழுக்க விடிவதற்கு முன்னால் தெருச் சுற்றல். ஏகாதசிக்கு அவர் விரதம், மறுநாள் துவாதசிக்கு இருபது பேருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. விரதம் இருந்தவர் அவர், அடுப்பில் வெந்தவள் அம்மா. ஊர்க்காரர்கள் அவரைப் 'பக்தரே' என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார். எங்களோடு அவர் பேசின பேச்சை ஒரு சின்ன டப்பாவில் அடைத்துவிடலாம். 'குளிச்சியா? நாமம் இட்டியா? பாசுரம் சொல்லு.' அவ்வளவுதான். தம்பிக்கு அம்மை வார்த்து எழுந்தபோது, எத்தனை நாள் படுத்திருந்தான் என்று அம்மாவைக் கேட்டார். அதே வீட்டில்தான் இருந்தார்.

எனக்கு நாலு வயதில் விஷக்காய்ச்சல். பொன்னேரியிலிருந்து கம்பவுண்டர் ஒருவர் சைக்கிளில் வந்து மருந்து கொடுத்தார், பதினெட்டு நாள். பதினெட்டாம் நாள் சனிக்கிழமை. பஜனை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. குழந்தை கிடக்கிறதே, இந்த வாரம் வேண்டாமே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கேட்கவில்லை. பாட்டுக்கு நடுவில் கையை உயர்த்தி மிருதங்கத்தை நிறுத்தச் சொல்லி, எல்லோரும் பார்க்க எழுந்து நின்று, "கோயிந்தா! இந்தக் கொழந்தைய பொழைக்க வெய்யி. எடைக்கு எடை செப்புக்காசு கொண்டாந்து கொட்றேன்!" என்று வேண்டிக்கொண்டார்.

அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வரி சேர்ப்பாள். "உன் பக்கம் திரும்பக்கூட இல்லடி அந்த மனுசன். ஜனங்கள பாத்துக்கினுதான் வேண்டிக்கினாரு."

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. கம்பவுண்டருக்கு இரண்டு படி அரிசி போனது. பெயர் முழுக்கப் பெருமாளுக்கும் நைனாவுக்கும்.

அப்போதே கொண்டுபோய்க் கொட்டியிருந்தால் பத்து வீசையோடு, இப்போதைய கணக்கில் பதினாலு கிலோவோடு, தீர்ந்திருக்கும். நாலு வயதுக் குழந்தை, அதுவும் காய்ச்சலில் கிடந்த குழந்தை, என்ன கனம் இருக்கும்? ஆனால் அந்த வருஷம் பஜனை கோயிலுக்கு ஓடு போட்டார். அதற்கடுத்த வருஷம் புது ஆர்மோனியம் வாங்கினார். பிறகு ராமர் பட்டாபிஷேகப் படத்துக்குக் கண்ணாடி போட்டார், கண்ணாடியின் அடியில் தன் பெயரை எழுதவைத்தார். நான் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தேன். கடன் ஏறினால் வட்டி ஏறும் என்பார்கள். எங்கள் வீட்டில் கடனுக்குக் கையும் காலும் முளைத்து, பாவாடை சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தது.

எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது அத்தைக்குத்தான் இது முதலில் உறைத்தது. புருஷன் போனபின் எங்களோடு வந்து இருந்தவள். நைனாவுக்கு அடுத்தபடி வீட்டில் பக்தி அதிகம். நான் இரண்டாம் தடவை சோற்றுக்குத் தட்டை நீட்டியபோது அம்மாவின் கையைப் பிடித்து, "போதும் போதும். இது துன்னத் துன்ன பெருமாள் கடன் ஏறிக்கினே போவுதில்ல?" என்றாள்.

நைனா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "அக்கா சொல்றதும் ஞாயந்தான்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு நெய் இல்லை. தயிர் கிடையாது, மோர் உண்டு. சோறு ஒரு தடவைதான். தம்பியின் பேரில் எந்த வேண்டுதலும் இல்லாததால் அவன் தட்டில் நெய் மிதக்கும். அவன் அதை என் பக்கம் சாய்த்துக் காட்டித் தின்பான். ஏழு காணி நெல் விளைகிற வீட்டில், நெல்லளக்கிறவர்களுக்கும் பஜனைக்காரர்களுக்கும் வழித்து வழித்து ஊற்றுகிற வீட்டில், எனக்கு அளந்த சோறு. பசி என்பதை விட, சாப்பிடுவது தப்பு என்று மனதில் விழுந்துவிட்டது, அதுதான் பெரிது. ஒரு கவளம் எடுத்தால் அது எத்தனை காசு என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். கணக்கில் நான் கெட்டிக்காரி ஆனது அப்படித்தான். இதையும் நைனா பெருமாள் கிருபை என்றுதான் சொல்லியிருப்பார்.

அம்மா விடவில்லை. மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு மடியிலிருந்து வேர்க்கடலை உருண்டையை எடுத்துக் கொடுப்பாள்.

"வேணாம்மா. எடை ஏறும்."

"ஏறட்டும். சாமி எடைக்கு எடை காசு கேட்டாரா, எலும்பு கேட்டாரா? துன்னுடி."

சில நாள் தின்றேன். பல நாள் கன்றுக்குட்டிக்குக் கொடுத்தேன். கன்றுக்குட்டி நன்றாக வளர்ந்தது.

அம்மா கொடுத்ததை நான் ஏன் தின்னவில்லை என்றால், பள்ளிக்கூடம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான். அதற்கு மேலே பொன்னேரி ஹைஸ்கூலுக்குப் போகவேண்டும், முதல் பாரம் என்கிற ஆறாவதுக்கு. நான் ஐந்தாவது முடித்ததும் வாத்தியார் வீட்டுக்கே வந்தார். அன்றும் சனிக்கிழமை, கோஷ்டி முழுக்கக் கூடத்தில் இருந்தது.

"பக்தரே, பொண்ணு கணக்குல நூத்துக்கு நூறு. பொன்னேரில சேர்த்துடுங்க. சம்பளம் பெருசா ஒண்ணும் ஆவாது."

நைனா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சார், இது பெருமாளுக்கு நேர்ந்த பொண்ணு. அந்தக் கடன் முடியற வரைக்கும் இது பேருல ஒரு காசு வேற எதுக்கும் போவக்கூடாது. கடன் முடிஞ்ச மறுநாளே நானே கையப் புடிச்சி இட்டுக்கினு போயி சேர்க்கிறேன். இது பெருமாள் மேல சத்தியம்."

'கோவிந்தா' என்றார்கள் எல்லோரும். நான் நம்பினேன். வீட்டுக்குள் சொல்கிற வார்த்தையை அவர் காப்பாற்றியது கிடையாது, பத்துப் பேர் முன்னால் சொன்னதைக் காப்பாற்றுவார். அதுதான் அவர் குணம் என்று பத்து வயதிலேயே தெரிந்து வைத்திருந்தேன்.

ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். என்னோடு படித்த இரண்டு பெண்கள் பக்கத்து ஸ்டேஷன் வரை நடந்து, ரயிலேறிப் பொன்னேரிக்குப் போய்வந்தார்கள். அடுத்த மார்கழியில் தெருவில் வாத்தியார் அம்மாவை நிறுத்தி, "வர்ற ஜூன்ல சேர்க்கலன்னா விட்டுடுங்கம்மா. அப்புறம் வயசும் தாண்டிடும், படிச்சதும் மறந்துடும்" என்றார். அம்மா வந்து அதை அப்படியே நைனாவிடம் ஒப்பித்தாள். அவள் அவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டாள். "இந்த வைகாசிக்குள்ள அந்தக் கடன முடிச்சிடுங்க" என்றாள்.

முடிக்கிறேன் என்றார். எனக்குத் தூக்கம் போனது. இன்னும் ஐந்து மாதம். ஐந்து மாதத்துக்கு என் உடம்பு வளராமல் இருக்கவேண்டும்.

காசு சேர்க்கும் வேலையில் நைனாவின் சாமர்த்தியத்தைச் சொல்லவேண்டும். காலணாவில் பல தினுசு. ராஜா தலை போட்ட பழைய காலணா தடியாக, கனமாக இருக்கும். யுத்த காலத்தில் வந்த ஓட்டைக் காலணா நடுவில் துளையோடு லேசாக இருக்கும். கடையில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. தராசில் ஒன்றல்ல. ஆகவே நைனா கனமான காசாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பானையில் சேர்த்தார். ஓட்டைக் காசையெல்லாம் பஜனைத் தட்டில் போட்டார். அந்தத் தட்டில் போடுகிறதும் பெருமாளுக்குத்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தட்டிலிருந்து அந்த ஓட்டைக் காசுகளைத் தம்பி திருடி அரைஞாணில் கோத்துக்கொள்வான். பார்த்தும் நான் சொல்லவில்லை.

மாசி மாதம் நெல் வண்டியோடு என்னையும் பொன்னேரி மில்லுக்குக் கூட்டிப்போனார். மில்லில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு உத்தரத்தில் சங்கிலியில் தொங்கும். ஒரு பக்கம் பலகையில் நெல்மூட்டை, மறுபக்கம் படிக்கல். அந்தத் தராசைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் பாடாதவர்கள் இல்லை. வாங்குகிறவன் தராசு அது. மூட்டைக்கு இவ்வளவு என்று விழுங்கிவிடும். நைனாவே ஒவ்வொரு அறுப்புக்கும் வீடு திரும்பி, "கொள்ளக்காரப் பய, என் நெல்ல துன்னே கொழுக்கிறான்" என்று நாஷ்டா முடிகிற வரைக்கும் திட்டுவார்.

அதே பலகையில் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். பதினெட்டு வீசை.

நைனாவின் முகம் மலர்ந்துபோனது. "பதினெட்டுதானா? இருவது இருக்கும்னு பயந்துக்கினு இருந்தேன்."

வண்டியில் திரும்பும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. "நைனா, அந்தத் தராசு கொறச்சிக் காட்டும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"அது நெல்லுக்குடி. சாமி விசயத்துல அது பொய் காட்டுமா? வாய மூடு, கயிதே."

நெல்லுக்குப் பொய் சொல்லும் தராசு சாமிக்கு மட்டும் சத்தியம் பேசும் என்று நம்புவதற்கு ஒரு பக்தி வேண்டியிருக்கிறது. அந்தப் பக்தி எனக்கு அன்றும் வரவில்லை.

சரி, காசையாவது அதே தராசில் போட்டிருந்தால் பிழை இரண்டு பக்கமும் சமமாகப் போயிருக்கும். அதையும் செய்யவில்லை. காசுப் பானையைப் பொன்னேரிக்குத் தூக்கிப்போனால் திருடர் பயமாம். எங்கள் ஊர் மளிகைக் கடையில் வீசை வீசையாகப் போட்டு எடுத்தார். பருப்பு, வெல்லம், மிளகாய் விற்கிற தராசு. அதில் எதை வைத்தாலும் கொஞ்சம் முன்னதாகவே தட்டு இறங்கிவிடும். பதினெட்டு தடவை இறங்கியது, அரை வீசை மிச்சமும் இருந்தது. "அரை வீசை பெருமாளுக்கு லாபம்" என்று மளிகைக்காரரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மளிகைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்வார், பாவம். தராசு சரியில்லை என்று தன் வாயாலேயே சொல்வாரா?

வைகாசியில் கிளம்பினோம். தனியாகப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வர நைனாவால் முடியுமா? கோஷ்டியில் இருபத்தெட்டுப் பேர், அவர்கள் ரயில் செலவு, மலைமேல் சத்திரத்தில் எல்லோருக்கும் ஒரு வேளை சமாராதனை. அதற்கென்று நாற்பது ரூபாயைத் தனியாகப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். பொன்னேரியில் ரயிலேறி, கூடூரில் மாறி, திருப்பதிக்கு. காசை இரண்டு கோணிப்பையில் கட்டி மிருதங்கக்காரரும் ஜால்ராக்காரரும் தூக்கி வந்தார்கள். வழி நெடுகப் பாட்டு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பாரத்தில் என்னென்ன பாடம் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். கிளம்புகிற அன்று காலையில் அம்மா பிடிவாதமாக இரண்டு இட்லி ஊட்டிவிட்டிருந்தாள். அந்த இட்லிகள் வயிற்றில் கல்லாகக் கிடந்தன. அவை கரையவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். பெருமாளைத்தான் வேண்டினேன், வேறு யாரைத் தெரியும்?

மலையில் முதலில் மொட்டை. வேண்டுதலில் முடி இல்லை. அதை நைனா அங்கே போய்ச் சேர்த்தார். "முடியும் கால் வீசை, அரை வீசை இருக்கும்" என்று அத்தையிடம் காதோடு சொன்னது எனக்குக் கேட்டது. பதினோரு வயதுப் பெண்ணின் முடியைப் பெருமாளுக்கென்று சொல்லி எடையில் கழித்தார். குளத்தில் முழுகி எழுந்தேன். ஈரப் பாவாடையோடு போனால் கனம் என்று அம்மாவை விட்டு அதைப் பிழிந்து பிழிந்து கட்டவைத்தார்.

கோஷ்டியில் மற்றவர்கள் சத்திரத்தில் தங்கிவிட்டார்கள். நான் கோயில் தராசின் தட்டில் உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் காசைக் கொட்டினார்கள். ஒரு பை. அடுத்த பை. கடைசிக் காசும் உருண்டு நின்றது. நான் தரையிலேயே இருந்தேன். தட்டு அசையக்கூட இல்லை.

"கோயிந்தா!" என்று கூவினார் நைனா, தட்டுக்குக் காது கேட்காதோ என்பது போல. கோஷ்டிக்காரர் மூன்று பேரும் கூவினார்கள். அப்போதும் நான் தரையில்தான் இருந்தேன்.

அத்தை தன் பூக்குடலையிலிருந்து ஒரு துளசி இலையை எடுத்தாள். ருக்மிணி கிருஷ்ணனை ஒரு துளசி இலையால் எடைபோட்டாளே, அந்தக் கதை. கண்ணை மூடிக்கொண்டு இலையைக் காசின்மேல் வைத்தாள். நைனாவும் கோஷ்டிக்காரர்களும் தட்டையே பார்த்தார்கள்.

கணக்குப்பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அம்மா, அந்த எலைய எடுங்க. எனக்கு எட பாக்கணும்."

காசோடு படிக்கல்லைச் சேர்த்துச் சேர்த்து வைத்தார். நான் மெல்ல மேலே வந்தேன். மூன்று வீசை ஐந்து பலம் குறைகிறது என்றார். நாற்பது பலம் ஒரு வீசை.

"அது எப்பிடிங்க? பதினெட்டுன்னு நெறுத்துக்கினுதானே வந்தேன்" என்றார் நைனா.

"பொண்ண எங்க நெறுத்தீங்க?"

"நெல்லு மில்லுல."

"வாங்கற மில்லா?" கணக்குப்பிள்ளையின் மீசை துடித்தது. "காச?"

"எங்க ஊரு மளிகைக் கடையில."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "வாங்கற தராசுல பொண்ணு, விக்கற தராசுல காசு! ஏன்யா, பெருமாளுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, இல்ல உனக்கே தெரியாதா?"

மிருதங்கக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நைனா என்னைப் பார்த்தார். ஜன்மத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். "நாய் மாதிரி துன்னுருக்கா" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் பேஜாரு இல்ல" என்றார் கணக்குப்பிள்ளை. நல்ல மனிதர். "கொறையிறத பணமாவே உண்டியல்ல போட்டுடுங்க, முடிஞ்சிபோச்சி. உங்க காசு வீசைக்கு முந்நூத்தி இருவது புடிக்குது. ரூபாய்க்கு அறுவத்தி நாலு காலணா, வீசைக்கு அஞ்சு ரூபா. அப்ப மூணு வீசை அஞ்சு பலத்துக்கு..."

"பதினஞ்சு ரூபா பத்தணா" என்றேன் தட்டிலிருந்து.

அவர் தாளில் போட்டுப் பார்த்தார். "அட, சரியாத்தான் சொல்லுது. படிக்குதா பொண்ணு?"

அம்மாதான் சொன்னாள். "இந்தக் கடன் முடிஞ்சா படிக்கும்."

பிறகு நைனாவின் பக்கம் திரும்பினாள். "இன்னாங்க, இடுப்புல நாப்பது ரூபா கீதே. எடுத்துப் போட்டுடுங்க. மிச்சத்துல சாப்பாடு போடலாம்."

நைனாவின் கை பைக்குப் போனது. நான் பார்த்தேன். முடிச்சின்மேல் விரல் பட்டது. அப்போது ஜால்ராக்காரர், "பக்தரே, சத்திரத்துல எல்லாரும் எல போட்டுக்கினு ஒக்காந்திருப்பாங்க" என்றார், ஏதோ நேரம் ஆகிவிட்டதைச் சொல்வது போல. கை திரும்பி வந்துவிட்டது.

"இது அடியாருங்க சாப்பாட்டுக்குன்னு ஒதுக்குனது. இதுல கை வெக்கறது பாவம்."

அம்மா காதுக் கம்மலின் திருகில் கை வைத்தாள்.

"நாலு பேரு முன்னால என் மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தார் நைனா. அம்மாவின் கை கீழே இறங்கியது.

அடுத்த தடவை வரும்போது போட்டுவிடுகிறேன் என்றார் கணக்குப்பிள்ளையிடம். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, மறக்காமல் இருக்கட்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதினார். "யாரு பேருல பாக்கின்னு எழுதட்டும்?"

கேட்டது நைனாவைத்தான். ஏழு காணிக்காரர், பஜனை கோயில் சாவிக்காரர், பக்தர். கொஞ்சமும் தயங்காமல் என் பெயரைச் சொன்னார்.

சத்திரத்தில் சமாராதனை பிரமாதமாக நடந்தது. புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், வடை, பாயசம். நைனாவே நெய்ச்சொம்பைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகக் குனிந்து ஊற்றினார். என் இலைக்கு வந்ததும், "இன்னா பாக்கற, துன்னு. எடதான் போட்டாச்சே" என்று இரண்டு கரண்டி ஊற்றினார். அந்த நெய்யைத் தொடமாட்டேன் என்று நான் எழுந்துபோயிருந்தால் எழுதுவதற்கு நன்றாக இருக்கும். போகவில்லை. தின்றேன். மூன்று தடவை பொங்கல் கேட்டு வாங்கித் தின்றேன். தம்பி விரல் விட்டு எண்ணினான். ஒவ்வொரு கவளத்துக்கும் அவரை வெறுத்துக்கொண்டே தின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஜூனில் வாத்தியார் வந்தார். "பாக்கி நிக்குதே சார். பாக்கியோட சேர்த்தா சத்தியம் என்னாவறது?" என்றார் நைனா. உண்மைதானே, பத்துப் பேர் முன்னால் செய்த சத்தியம். அவர் பேச்சு மாறாதவர். வாத்தியார் அம்மாவைப் பார்த்தார், அம்மா அடுப்பைப் பார்த்தாள். அதன்பிறகு அவர் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருஷத்தில் நயா பைசா வந்தது. அணாக்கணக்கே மாறிப்போச்சு, பெருமாளுக்குப் பழைய கணக்கில் கொடுப்பதா புதுக் கணக்கிலா என்று யோசிக்கணும் என்றார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் பெரியவளானேன். பெரியவளான பெண் ரயிலேறிப் பள்ளிக்கூடம் போவதா என்று அத்தை கேட்டாள். அவ்வளவுதான் என் படிப்பு. ஐந்தாவது.

அதன்பின் நைனா கோஷ்டியோடு ஆறு தடவை மலைக்குப் போனார். ஆறு தடவையும் சமாராதனை. அந்தப் பதினைந்து ரூபாயை ஒரு தடவையும் போடவில்லை. கல்யாணமாகி நான் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று கேட்டேன், "நைனா, அந்தப் பாக்கி?"

"அது உன் பேருலதானே எழுதுனது. உன் புருசன் கட்டட்டும்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்த சீட்டை எடுத்து, தாம்பூலத்தோடு சேர்த்து என் கையில் கொடுத்தார்.

அவர் செத்தபோது ஊரே கோவிந்தா போட்டுக்கொண்டு பின்னால் போனது. இப்போது சாவி தம்பியின் இடுப்பில் இருக்கிறது. ஓட்டைக் காசு திருடினவனுக்குப் பொருத்தமான உத்தியோகம்தான்.

ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் எடை காட்டி அட்டை துப்பும் இயந்திரம் இருக்குமே, அதன் பக்கத்தில் நான் நின்றதுகூடக் கிடையாது. என் பிள்ளைகள் போதும் என்று இலையை மடித்தால் நான் விடமாட்டேன். யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ, எதையாவது யாருக்காவது நேர்ந்துவிட்டார்களோ என்று கேட்டுக் கேட்டு அவர்கள் உயிரை எடுத்திருக்கிறேன். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் டாக்டரிடம் ஓடினேன். எந்தச் சாமியிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, பயந்துகொண்டே பேசாமல் இருந்தேன். அதற்காகத்தான் அவர்களுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று இன்னும் பயப்படுகிறேன். இதுதான் பக்தர் எனக்கு எழுதிவைத்த சொத்து.

சீட்டு ரேஷன் கார்டோடு இருக்கிறது. மை மங்கிவிட்டது, எண் தெரிகிறது. கட்டிவிடேன், சில்லறைக் காசுதானே, மனசு நிம்மதியாகும் என்று என் மகள் சொல்கிறாள். கட்டலாம். அந்த மலைக்குப் போகிற பஸ் எங்கள் தெருமுனையிலேயே நிற்கிறது. கட்டினால் நைனாவின் வேண்டுதல் நிறைவேறிவிடும். பக்தர் சொன்ன சொல் காப்பாற்றினார் என்று ஆகிவிடும். அந்தப் பெயரை என் கையால் அவருக்கு வாங்கித் தரமாட்டேன். பெருமாள் கேட்டால் என்னைக் கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சீட்டைக் கிழித்துப்போடவும் இன்றுவரை என்னால் முடியவில்லை.

என் பேரில் பாக்கி, பதினைந்து ரூபாய் பத்தணா.